‘எழுதினவர்கள்’: ஊவாத் தோட்டங்களிலிருந்து பார்க்கும்போது தெரியும் பாராளுமன்றம்

பசறை, மடூல்சீமை, நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் வயதானவர்களிடம் குடும்பக் கதை கேட்டால் ஒரு வினைச்சொல் திரும்பத் திரும்ப வரும். “பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிட்டாரு, நாங்க இலங்கைக்கு எழுதினோம்.” எதை எழுதினார்கள் என்று யாரும் விளக்குவதில்லை, அங்கே யாருக்கும் அந்த விளக்கம் தேவைப்படுவதில்லை. 1964 அக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. இந்தத் தோட்டங்கள் உள்ள பதுளை, கடலும் துறைமுகமும் இல்லாத மலை மாவட்டம். ஆனால் நாட்டின் வெளியுறவுக் கொள்கை லயத்து வாசலுக்கே வந்து அண்ணனையும் தம்பியையும் பிரித்துவிட்டுப் போனது அங்கேதான்.

அரசாங்கத்தின் வெளியுறவுச் செயல்களைப் பாராளுமன்றம் எப்படிக் கண்காணிக்கிறது என்று ஆராய விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கொழும்பிலிருந்து தொடங்குவார்கள். ஜெனீவாத் தீர்மானம், துறைமுகக் குத்தகை, பாதுகாப்பு உடன்படிக்கை என்று பேச்சு போகும். பதுளையிலிருந்து தொடங்கினால் வேறொரு கேள்வி முன்னே வந்து நிற்கிறது. ஒப்பந்தம் யாருடைய உடலையும் வீட்டையும் இடம் மாற்றப்போகிறதோ, அவருக்கு அந்தச் சபையில் குரல் உண்டா என்பதே அது.

1964இல் இருக்கவில்லை. அந்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும், எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பிறகு பேசித் தீர்ப்பது என்று முடிவானது. நிறைவேற்றப் பதினைந்து ஆண்டுத் தவணை. ‘எங்களைக் கேட்காமல் எங்களை எப்படிப் பங்கு வைத்தீர்கள்’ என்று எழுந்து கேட்க, அந்த மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் ஒருவர்கூடச் சபையில் இல்லை. இருந்த காலம் ஒன்று உண்டு. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு ஆசனங்களில் பதுளையும் ஒன்று, எஸ்.எம். சுப்பையா அதன் உறுப்பினர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அவருக்கு வாக்களித்தவர்களை இடாப்பிலிருந்து நீக்கிவிட்டன. அதன்பின் மலையகத் தோட்ட மக்களின் தலைவர் ஒருவர் தேர்தலில் வென்று சபைக்குப் போக 1977 வரை ஆயிற்று. 1964இல் சௌமியமூர்த்தி தொண்டமான் அவையில் இருந்தது உண்மை; ஆனால் அவர் நியமன உறுப்பினர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதமரோ செனட் சபையைச் சேர்ந்தவர். ஆக, மக்கள் தெரிந்தெடுத்த சபையில் அன்று கையெழுத்திட்டவரும் உறுப்பினரில்லை. பாதிக்கப்பட்டவர்கள் வாக்களித்து அனுப்பிய பிரதிநிதியும் இல்லை.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய ஏற்பாட்டைப் பார்ப்பது நல்லது.

இலங்கையின் 1978 அரசியலமைப்பு, வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் பாராளுமன்றத்தின் முன் வைத்தே ஆக வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. வெளிநாட்டு முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகளுக்கு மட்டும் 157ஆம் உறுப்புரை தனி வழி சொல்கிறது: தேசியப் பொருளாதாரத்துக்கு அவசியம் என்று சபை மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டால் அவற்றுக்குச் சட்ட வலு உண்டு. முதலிட்ட பணத்துக்குக் கிடைத்த இந்தக் கவசம், ஒப்பந்தத்தால் நாடு மாற்றப்படும் மனிதருக்கு இல்லை. 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் விருப்பத்தெரிவு நெறிமுறையில் 1997இல் இலங்கை இணைந்தது அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்றது நீதிமன்றம். ஒரு குடிமகனுக்கு வெளியே முறையிட வழி திறந்த கையெழுத்து, சட்டசபையின் துணையில்லாத காரணத்தால் உள்ளூரில் செல்லாததாயிற்று. சபையைத் தாண்டிப் போகும் அரசாங்கம் குடிமக்களுக்கு நல்லது செய்தாலும் அந்த நல்லது நிற்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பிரித்தானியாவில் 1924இல் வழக்கமாகத் தொடங்கி 2010இல் சட்டமான ஒரு முறை இருக்கிறது: ஏற்புறுதி வேண்டும் ஒப்பந்தங்கள் இரு அவைகளின் முன்பும் 21 அமர்வு நாட்கள் வைக்கப்பட வேண்டும். இந்தியாவில் அப்படியான பொதுக் கட்டாயம் இல்லை; பெருபாரி விவகாரத்தில் 1960இல் உச்ச நீதிமன்றம், நிலத்தை விட்டுக்கொடுப்பதற்கு மட்டும் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்றது. நிலத்துக்கு ஒரு காவல் கிடைத்தது. ஆட்களுக்குக் கிடைக்கவில்லை.

அதன் விளைவு 1974இல் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த ஆண்டு ஜூனில் கச்சதீவு ஒப்பந்தம் வந்தது. ஜூலை 23ஆம் திகதி இந்திய வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தபோது இரா. செழியன் போன்றோர் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தக் குரல் இன்றும் தமிழ்நாட்டுத் தேர்தல் மேடைகளில் கேட்கிறது. அதே ஆண்டு ஜனவரியில், 1964இல் மிச்சம் வைத்த 1,50,000 பேரைச் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவினையைப் பேசும் மேடை அரிது. மனிதர் குடியில்லாத ஒரு சிறு தீவுக்காக அவைகள் காட்டிய கவனத்தில் நூறில் ஒரு பங்காவது தெமோதரையிலும் ஹப்புத்தளையிலும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அந்தப் பெயரே ஒரு கொள்கை ஆய்வு. அதை ஹன்சாட்டில் பதிய வைக்கும் பொறுப்பு யாருக்கும் இருக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு, பாராளுமன்றக் கண்காணிப்பு வெறும் சடங்கு என்று முடிவுகட்டினால் அது அநியாயம். 1964 ஒப்பந்தத்தின் கதையிலேயே அந்தக் கண்காணிப்பின் பலமும் இருக்கிறது.

ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த ஒரு சட்டம் தேவைப்பட்டது. சட்டம் என்றால் சபைக்கு வந்தாக வேண்டும். 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் டட்லி சேனாநாயக்கவின் ஆட்சியில் வந்தது. இந்தியா ஏழு பேரை ஏற்றால் இலங்கை நான்கு பேரை ஏற்கும் என்பது ஒப்பந்தத்தின் விகிதம். அந்த ‘ஏற்பது’ என்றால் என்ன என்பதில்தான் பலருடைய வாழ்வு தங்கியிருந்தது. ஏழு பேர் கப்பலேறிப் போன பிறகுதான் நால்வருக்குப் பிரஜாவுரிமையா, அல்லது ஏழு பேருக்கு இந்தியா குடியுரிமை கொடுத்த உடனேயேவா? 1967 சட்டம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. பிரஜாவுரிமை பெறுவோருக்குத் தனி வாக்காளர் இடாப்பு என்று சிறிமாவோ முன்வைத்த யோசனையும் கைவிடப்பட்டது. 1970இல் ஆட்சி மாறிய பின், 1971இல் திருத்தம் கொண்டுவந்து, நாட்டை விட்டுப் போவோரின் எண்ணிக்கையோடு விகிதத்தை மீண்டும் முடிச்சுப் போட்டார்கள். இரண்டு பிரதமர்கள் டில்லியில் பேசி முடித்ததன் பொருளைச் சபை ஒரு வாசகத்தால் தளர்த்தவும் இன்னொரு வாசகத்தால் இறுக்கவும் முடிந்தது. வெளிநாட்டு ஒப்பந்தம் என்றால் சபைக்கு வேலையே இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த நான்கு ஆண்டுகளை ஊன்றிப் படிக்க வேண்டும்.

பின்னால் வந்த மீட்பும் சபை வழியாகவே வந்தது. 1981 அக்டோபரில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. இனி அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று இந்தியா அறிவித்தது. 1984இல் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, கொழுந்துக்கூடையை முதுகில் சுமந்து அதே மலையில் நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வாக்கு இல்லை, அடையாள அட்டை இல்லை, போவதற்குக் கப்பலும் இல்லை. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் இந்தியாவுக்கு எழுதாதவர்களுக்கு வழி செய்தது. எழுதியும் போகாதவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சபை அதை ஏகமனதாக நிறைவேற்றியது. ‘1964 அக்டோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிப்பவர்’ என்று அந்தச் சட்டம் தகுதியை வரையறுக்கிறது. எந்தத் திகதியில் இரண்டு பிரதமர்கள் அவர்களைப் பங்கு வைத்தார்களோ, அதே திகதியைக் கொண்டு சபை அவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தோட்டங்களில் நடமாடும் சேவை நடத்தி, ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் துணையோடு சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள். 39 ஆண்டுகளாக முடியாத காரியம், சபையில் மனம் வந்ததும் சில வாரங்களில் முடிந்தது. மனம் வந்ததற்குக் காரணம், அந்த மக்களுக்கு வாக்கு வந்திருந்தது. அவர்களுடைய கட்சிகளின் கை ஆட்சிகளை ஆக்கவும் கவிழ்க்கவும் கூடியதாகியிருந்தது.

சபையின் கண்காணிப்பு வாக்கைப் பின்தொடர்ந்தே நடக்கிறது. அதன் பலமும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. இன்றைய நிலையை இந்தக் கண்ணால் பார்த்தால் சங்கடமான ஒற்றுமை ஒன்று தெரிகிறது.

2024இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் இலங்கைக்கு அனுப்பிய பணம் சுமார் 657 கோடி டொலர். அதே ஆண்டு தேயிலை ஏற்றுமதி கொண்டுவந்தது சுமார் 140 கோடி டொலர். ஊவாத் தோட்டங்கள் இந்த இரண்டுக்கும் உழைக்கின்றன: தாய் கொழுந்து பறித்தாள், மகள் குவைத்தில் சமையல் செய்கிறாள். அந்த மகளுக்கு வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியில்லை. அவளுடைய பெயர் பசறை வாக்காளர் இடாப்பில் இருக்கலாம். தேர்தல் நாளில் ஆள் வந்தால்தான் அந்தப் பெயருக்கு உயிர். 1964இல் சட்டம் வாக்கைப் பறித்தது, இன்று தூரம் பறிக்கிறது. இரண்டு காலத்திலும், வெளியுறவுக் கொள்கையால் நேரடியாகப் பாதிக்கப்படுகிறவரே கேள்வி கேட்கும் சபைக்கு வெளியே நிற்கிறார்.

வாக்குள்ளவர்களின் விவகாரம் எப்படி நகரும் என்பதற்கு 2024இல் நடந்த ஒன்றைப் பார்க்கலாம். ரஷ்ய – உக்ரைன் போரில் முன்னாள் இராணுவத்தினர் ஏமாற்றிச் சேர்க்கப்பட்ட செய்தி சபையில் எழுப்பப்பட்டது. ஊடகங்களும் குடும்பங்களும் விடவில்லை. ஜூன் மாதம் வெளிவிவகார இராஜாங்க அமைச்சர் தாரக பாலசூரிய தலைமையில் குழு ஒன்று மொஸ்கோவுக்குப் போனது. சபையில் எழும் கேள்வி தூதரக இயந்திரத்தை அசைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று; பாராட்டத்தக்கது. 2022இன் பிற்பகுதியில் சுற்றுலா விசாவில் ஓமானுக்குப் பெண்கள் கடத்தப்பட்ட விவகாரம் வெடித்தபோதும் சபையில் சத்தம் எழுந்தது. மஸ்கட் தூதரகத்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவர் நாடு திரும்பியதும் கட்டுநாயக்கவில் கைதானார். ஆனால் அந்தச் சத்தம் ஒரு அதிகாரி, ஒரு முகவர், ஒரு கைது என்ற அளவில் சுருங்கிவிட்டது. வறுமைப்பட்ட மாவட்டங்களின் கிராமங்களிலும் தோட்டங்களிலும் சப்-ஏஜெண்டுகள் எப்படி ஆள் பிடிக்கிறார்கள், தூதரகப் பாதுகாப்பு இல்லங்களில் எத்தனை பேர் எத்தனை மாதம் காத்திருக்கிறார்கள் என்பன அடுத்த பரபரப்பு வரும்வரை கிடப்பில் போயின.

சபை அழுதும் இருக்கிறது. 2013 ஜனவரி 9ஆம் திகதி, மூதூரைச் சேர்ந்த இளம் பணிப்பெண்ணுக்குச் சவூதி அரேபியாவில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட செய்தி வந்தபோது பாராளுமன்றம் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தியது. வயதைக் கூட்டிப் பிறந்த திகதி மாற்றிய கடவுச்சீட்டில் 2005இல் போனவள் அவள். அந்த மௌனத்துக்குப் பிறகு வந்தது என்ன? அதே ஆண்டு ஒரு சுற்றறிக்கை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் போக முடியாது, ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ வேண்டும் என்றானது. நாட்டில் பெண்களின் நடமாட்டத்தையே மாற்றியமைத்த அந்த விதி, 1967ஐப் போல ஒரு சட்டமூலமாகச் சபைக்கு வரவில்லை. வாசகம் வாசகமாக விவாதிக்கப்படவில்லை. கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து, பிரதேச செயலகத்தின் முத்திரை என்று தோட்டத்துப் பெண் அலைந்தாள். சட்ட வழி இறுகியபோது சுற்றுலா விசா வழி விரிந்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவில்லாமல் போனவருக்குக் காப்புறுதி இல்லை. ஆபத்து வந்தால் தூதரகத்தின் கணக்கிலும் அவர் இல்லை. 2022இல் பொருளாதாரம் விழுந்து டொலர் தேவைப்பட்டபோது விதி தளர்த்தப்பட்டது. பிள்ளைக்கு இரண்டு வயதானால் போதும் என்றானது. பெண்ணின் பாதுகாப்புக்காக வந்ததாகச் சொன்ன விதி, அந்நியச் செலாவணிக்காகப் போனது. இறுக்கியதும் தளர்த்தியதும் நிர்வாக முடிவுகளே. ஒரு வாரமாவது சபைக் குழுவொன்று பதுளைக்கோ புத்தளத்துக்கோ வந்து தாய்மாரைக் கேட்டிருந்தால், இந்த விதி வேறு வடிவம் எடுத்திருக்கும்.

குழுக்கள் இருக்கின்றன. ஆனால் அமைச்சுசார் ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர் அந்த அமைச்சரே. கணக்குக் கேட்கப்பட வேண்டியவர் கணக்குக் கேட்கும் கூட்டத்தை நடத்துகிறார். துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் 2015க்குப் பின் வந்த நல்ல திருத்தம். அவற்றில் அமைச்சர் தலைமை இல்லை. உயர் பதவிகள் பற்றிய குழு தூதுவர் நியமனங்களைப் பார்க்கிறது. வேலைவாய்ப்புப் பணியகத்தை, அரச நிறுவனங்களின் கணக்குகளைப் பார்க்கும் கோப் குழு அழைத்து விசாரிக்க முடியும். ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் வெளிவிவகார அமைச்சின் ஒதுக்கீடு வருகிறது; அன்று பேச்சு பெரும்பாலும் வல்லரசுகளையும் இறைமையையும் சுற்றியே போகிறது. ஒரு தூதரகத்தில் தமிழ் தெரிந்த அலுவலர் எத்தனை பேர் என்ற கேள்வி அந்த உரைகளுக்கு முன்னால் சின்னதாகத் தெரிகிறது. றியாத்தின் ஒரு வீட்டிலிருந்து தப்பி வந்து வரவேற்பு மேசையின் முன் நிற்கும் மடூல்சீமைப் பெண்ணுக்கு, அதைவிடப் பெரிய கேள்வி இல்லை.

மலையகத்தில் இன்னொரு பழக்கம் இந்தக் குறையை மூடி மறைக்கிறது. மகளிடமிருந்து மூன்று மாதமாகத் தொலைபேசி இல்லை என்றால் குடும்பம் முதலில் போவது தோட்டத் தலைவரிடம். அவர் தொழிற்சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதியிடம். அவர் பாராளுமன்ற உறுப்பினரின் காரியாலயத்துக்கு. உறுப்பினர் கொழும்பில் கொன்சியூலர் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுப்பார், ஒரு அழைப்பு எடுப்பார். பல வேளை காரியம் நடக்கும்; ஒரு உடல் வந்து சேரும், ஒரு பெண் திரும்புவாள். இதைக் குறைத்துப் பேச மனம் வராது, ஏனெனில் அந்தக் குடும்பத்துக்கு அதுதான் அரசாங்கம். ஆனால் ஒவ்வொரு கடிதமும் ஒரு தனி உதவியாகவே முடிந்துபோகிறது. பத்துக் கடிதங்களைச் சேர்த்து வைத்து, ஒரே முகவர், ஒரே நகரம், ஒரே தூதரகத் தாமதம் என்று கண்டு, அதைச் சபையில் ஒரு வினாவாக்கும் வேலை நடப்பது குறைவு. உதவியாகப் பெற்றது உரிமையாகப் பதிவாவதில்லை. போதாக்குறைக்கு, லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. அமைச்சு பதில் எழுதினாலும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் போகும்.

தோட்ட மக்களுக்கான இந்திய வீட்டுத் திட்டமும் இதே பாதையில் போயிருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது, தோட்ட மக்களுக்குத் தனி வீடு எவ்வளவு அவசரம் என்று தெரிந்தது. 2017 மே மாதம் நரேந்திர மோடி நோர்வூட்டில், ஏற்கெனவே ஒத்துக்கொண்ட 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். அந்தப் பத்தாயிரத்துக்கு முதல் கட்ட அடிக்கல் 2024 பெப்ரவரியில்தான் வந்தது. இரண்டு அரசாங்கங்களுக்கு இடையிலான ஓர் உறுதிமொழி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் காகிதமாகக் கிடந்தது. எந்தக் கட்டத்தில், எந்த அமைச்சின் மேசையில் தாமதம் என்று ஆண்டுதோறும் சபையில் அறிக்கை வைக்கும் கடமை யாருக்கும் விதிக்கப்பட்டிருக்கவில்லை. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உட்பட ஏழு புரிந்துணர்வு உடன்படிக்கைகள் இந்தியாவோடு கையெழுத்தானபோது, வாசகங்களைச் சபைக்குச் சமர்ப்பிக்குமாறு எதிர்க்கட்சியினர் வலியுறுத்தினர். நியாயமான கோரிக்கை. ஆனால் கையெழுத்துக்குப் பிறகு எழுந்த கோரிக்கை, 1964இல் நேர்ந்ததைப் போலவே.

2024 நவம்பருக்குப் பிறகு இரண்டு விஷயங்கள் மாறியுள்ளன. வெளிவிவகாரமும் வெளிநாட்டு வேலைவாய்ப்பும் விஜித ஹேரத் என்ற ஒரே அமைச்சரின் கீழ் வந்துள்ளன. ‘அது பணியகத்தின் வேலை, இது தூதரகத்தின் வேலை’ என்று பந்தை மாற்றி அடிக்க இனி இடமில்லை. பதுளை மாவட்டத்திலிருந்து கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் என இரண்டு மலையகத் தமிழர் ஆளும் தரப்பிலேயே சபைக்குப் போயிருக்கிறார்கள். அமைச்சரிடம் அவர்கள் வாய்மூல விடை கேட்டு எழுப்பக்கூடிய வினா ஒன்று உண்டு: கடந்த ஐந்து ஆண்டுகளில் ஊவா மாகாணத்திலிருந்து வெளிநாடு சென்றவர்களில், பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, எத்தனை பேர் தூதரகப் பாதுகாப்பு இல்லங்களில் தஞ்சம் புகுந்தனர், ஒவ்வொருவரும் அங்கே எத்தனை நாள் இருந்தனர், எத்தனை பேர் சடலமாக வந்தனர், இறந்த நாளுக்கும் கட்டுநாயக்கவுக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள், அவர்களுடைய வீட்டாருக்கு அமைச்சு எழுதிய முதல் கடிதம் எந்த மொழியில், எந்த முகவரிக்குப் போனது?